ஒரே உடலில் இரண்டு மருந்துச்சீட்டு

1979ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சின்னக் கடிதம் வெளிவந்தது. இங்கிலாந்தில் வசித்த தெற்காசியப் பெண் ஒருவர் சர்க்கரை நோய்க்குக் குளோர்புரோபமைடு மாத்திரை சாப்பிட்டுவந்தார். சில நாட்களில் சர்க்கரை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கியது, சில நாட்களில் அப்படி இல்லை. மாத்திரையின் அளவு மாறவில்லை, மாறியது சாப்பாடுதான். பாகற்காயும் பூண்டும் போட்ட கறியைச் சாப்பிட்ட நாட்களில் சர்க்கரை கூடுதலாகக் குறைந்திருந்தது. அஸ்லாம், ஸ்டாக்லி என்ற இரு மருந்தியலாளர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். மருந்துக்கும் மருந்துக்கும் இடையே நடக்கும் ஊடாட்டம் பற்றி இன்று உலகெங்கும் மருந்தாளுநர்கள் புரட்டும் கையேடு, இந்த ஸ்டாக்லியின் பெயரைத் தாங்கியதுதான்.

நம் ஊரில் இது செய்தியே அல்ல. சர்க்கரை குறையும் என்பதற்காகத்தானே பாகற்காயைச் சாப்பிடுகிறோம்? அந்தக் கடிதத்தில் புதிதாக இருந்தது ஒன்றுதான்: மாத்திரையும் பாகற்காயும் ஒரே உடலுக்குள் போகின்றன என்பதை ஒருவர் கவனித்துக் குறித்துவைத்தார்.

அரசு மருத்துவமனையில் மாதாமாதம் மெட்பார்மினும் கிளிமிபிரைடும் வாங்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வீட்டில் காலையில் வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம். பத்து மணிக்கு ஆவாரம்பூ கஷாயம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடி இரவில் ஒரு ஸ்பூன். “வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடறீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்கிறார். “இல்லீங்க சார்.” அவர் பொய் சொல்லவில்லை. பொடியும் கஷாயமும் அவர் கணக்கில் மருந்தாகச் சேரவில்லை. அடுத்த வாரம் சித்த மருத்துவரிடம் போகும்போது இங்கிலீஷ் மருந்து சாப்பிடுவதையும் அப்படியே மறைத்துவிடுகிறார்; “அதை நிறுத்திட்டு வாங்க” என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. அதோடு சர்க்கரையைக் குறைக்கும் இன்னொரு பொருளும் சேர்ந்து, மதியச் சாப்பாடும் தள்ளிப்போனால், வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயங்கி விழ நேரலாம். அன்று அவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவசரப் பிரிவில், சிறுகுறிஞ்சான் பற்றி ஒரு வரிகூட எந்தச் சீட்டிலும் இருக்காது.

சித்த வைத்தியமா, அலோபதியா என்று மேடையிலும் தொலைக்காட்சியிலும் நடக்கும் வாதங்களில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. மக்கள் அந்த வாதத்தைக் காதில் வாங்காமல் இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள். அப்படிச் சேர்க்கும்போது உடலுக்குள் போவது அதுவும் அல்ல, இதுவும் அல்ல, மூன்றாவதாக ஒரு சிகிச்சை. அதை யாரும் எழுதித் தரவில்லை, பெரும்பாலும் யாரும் சோதித்தும் பார்க்கவில்லை. இந்த மருந்துக்குச் சான்று உண்டு, அந்த மருந்துக்கு நூற்றாண்டுகளின் அனுபவம் உண்டு என்பது இரண்டும் சேர்ந்ததற்குச் சான்றாகிவிடாது. சேர்க்கைக்குத் தனியாகச் சான்று வேண்டும்.

ஏன் என்பதைக் குடலிலும் கல்லீரலிலும் பார்க்கலாம். விழுங்கிய மாத்திரை முழுவதும் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் அதில் ஒரு பகுதியைச் சிதைத்து வெளியேற்றுகின்றன. சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பத்தில் 3ஏ4 என்று குறிக்கப்படும் ஒன்று மட்டுமே இன்று புழங்கும் மருந்துகளில் கணிசமான பகுதியைக் கையாள்கிறது. மாத்திரையின் அளவை நிர்ணயிக்கும்போது இந்த இழப்பையும் கணக்கில் எடுத்துத்தான் இத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்கிறார்கள். சில தாவரங்கள் இந்த நொதியை முடக்கும். அப்போது மருந்து ரத்தத்தில் தேங்கும். சில தாவரங்கள் அதைப் பெருக்கும்; அப்போது மருந்து வேலை செய்யும் முன்பே வடிந்துவிடும். மனச்சோர்வுக்கு ஐரோப்பியர் பயன்படுத்தும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடி இரண்டாவது வகை. சூரிச் நகரில் மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவர் சைக்ளோஸ்போரினோடு இந்த மூலிகையையும் சாப்பிட்டார்கள். சைக்ளோஸ்போரின் அளவு சரிந்தது, பொருத்திய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ‘லான்செட்’டில் இது பதிவானது. மூலிகையிலும் விஷம் இல்லை, மாத்திரையிலும் குறை இல்லை.

நம்முடைய மிளகு முதல் வகை. அதில் உள்ள பைப்பரின் நொதிகளை மட்டுப்படுத்தும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது மனித ரத்தத்தில் குர்குமின் சேர்வது சுமார் 20 மடங்கு கூடியதைக் காட்டினார்கள். மஞ்சளையும் மிளகையும் பாலில் சேர்த்துக் காய்ச்சும் நம் பாட்டிமார் சரியாகத்தான் செய்தார்கள் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஆய்வு இது. பெருமைப்படலாம். ஆனால் மிளகுக்கு மஞ்சள் எது, மற்ற மருந்து எது என்று தெரியாது. வலிப்பு நோய்க்குத் தரும் பினைட்டாய்ன் மருந்தின் அளவையும் பைப்பரின் ரத்தத்தில் ஏற்றுவதாக இந்திய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பினைட்டாய்னைப் பொறுத்தவரை பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. கொஞ்சம் ஏறினால் தள்ளாட்டம், கொஞ்சம் இறங்கினால் வலிப்பு.

இறங்கிய கதையும் உண்டு. மும்பையில் பினைட்டாய்ன் சாப்பிட்டுவந்த இரண்டு வலிப்பு நோயாளிகளுக்குக் கட்டுக்குள் இருந்த வலிப்பு மறுபடி தலைகாட்டியது. இருவருமே சங்கபுஷ்பி என்ற ஆயுர்வேத மருந்தையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1992இல் அறிக்கையான இந்த ஆய்வில், எலிகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் பினைட்டாய்ன் குறைந்தது உறுதியானது. இதில் வேடிக்கை, சங்கபுஷ்பியும் வலிப்புக்குத் தரப்படும் மருந்துதான். ஒரே நோய்க்கு இரண்டு மருந்து சேர்ந்து, கிடைத்ததோ பாதி மருந்து.

இதே மிளகை அளந்து, சோதித்துச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்திய உதாரணம் இருக்கிறது. ஆயுர்வேதக் கூட்டு மருந்துகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றுமோ அவற்றில் ஒன்றோ இருப்பது ஏன் என்ற கேள்வியோடு ஜம்முவில் உள்ள வட்டார ஆய்வுக்கூடத்தில் சி.கே. அடல் குழுவினர் 1970களின் இறுதியில் வேலையைத் தொடங்கினார்கள். மிளகு தானாக நோயைத் தீர்ப்பதைவிட, கூட வரும் சரக்கை ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட விடை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2009இல் காடிலா நிறுவனம் அதைக் காசநோய் மருந்தாக வெளியிட்டது. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கப்படும் ரிபாம்பிசின் இதில் 200 மில்லிகிராம்தான். கூடவே 300 மில்லிகிராம் ஐசோநியாசிட், 10 மில்லிகிராம் பைப்பரின். மரபு மருத்துவமும் நவீன மருத்துவமும் உண்மையிலேயே கைகோத்தது இங்கேதான் என்று சொல்வேன். இதை வைத்துக்கொண்டு, காசநோய் மருந்தோடு, சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகச் சூரணமும் சாப்பிடலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. திரிகடுகத்தை ஐசோநியாசிடோடு முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஐசோநியாசிட் ரத்தத்தில் சேர்வது குறைந்துதான் போனது. தனிப் பைப்பரின் வேறு, முழுச் சூரணம் வேறு.

சித்த மரபு இதை அறியாததல்ல. ஒரே பற்பத்தைத் தேனில் குழைத்தால் ஒரு நோய்க்கு, நெய்யில் குழைத்தால் இன்னொரு நோய்க்கு என்று துணைமருந்தை மாற்றி வேலையை மாற்றும் மருத்துவம் அது. பத்தியம் என்பதும், கூட உள்ளே போவது மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்ற அறிவிலிருந்து வந்ததுதான். புளியும் கத்தரிக்காயும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் அந்த மரபின் வழிவந்தவர்கள், நோயாளி சாப்பிடும் ஐந்து இங்கிலீஷ் மாத்திரைகளை மட்டும் பத்தியக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எனக்குப் புரியாத ஒன்று. அலோபதிப் பக்கத்து டாக்டரும் சளைத்தவர் இல்லை. நாட்டு மருந்து என்ற பேச்சை எடுத்ததுமே சிடுசிடுக்கிறார். அடுத்த முறை நோயாளி அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

சேர்க்கைக்கே சான்று தேடிய ஒரு சோதனை கோயம்புத்தூரில் நடந்தது. முடக்குவாதம் உள்ள 43 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மெத்தோட்ரெக்சேட், ஒரு குழுவுக்கு ஆயுர்வேதம், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. ஆயுர்வேத மருந்து கிடைக்காதவர்களுக்கு அதேபோல் தோன்றும் போலி மருந்து, மெத்தோட்ரெக்சேட் கிடைக்காதவர்களுக்குப் போலி மாத்திரை. ஆயுர்வேத மருத்துவர் தம் மரபுப்படி ஆளுக்கேற்ப மருந்தை மாற்றவும் இடம் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே லேகியம் என்று கட்டாயப்படுத்தவில்லை. 36 வாரம் நடந்த இந்தச் சோதனையின் முடிவு 2011இல் வந்தது. மூன்று குழுவுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயுர்வேதம் மெத்தோட்ரெக்சேட்டுக்கு நிகராக நின்றது என்று ஆயுர்வேதத் தரப்பு மகிழ்ந்ததில் தவறில்லை. என் கண்ணில் பட்டது மூன்றாவது குழு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. 43 பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது ஆய்வாளர்களுக்கே தெரியும். முன்னோட்ட ஆய்வு என்றுதான் அவர்களும் அதை அழைத்தார்கள். ஆனால் இப்படியும் சோதிக்க முடியும் என்று காட்டியாகிவிட்டது. கஷாயத்தையும் லேகியத்தையும் நவீன முறையில் சோதிக்கவே முடியாது என்ற சாக்கு அதோடு போயிற்று.

சேர்க்கை நன்றாக வேலை செய்யும் இடத்தைப் பார்க்கக் காசர்கோட்டுக்குப் போக வேண்டும். அங்குள்ள பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனத்தை எஸ்.ஆர். நரஹரி என்ற தோல் மருத்துவர் 1999இல் தொடங்கினார். யானைக்கால் நோயில் புழுவைக் கொல்ல மருந்து இருக்கிறது. வீங்கிப்போன காலைச் சுருக்க மாத்திரை கிடையாது. வீங்கிய தோலின் மடிப்புகளிலும் விரல் இடுக்குகளிலும் சிறு வெடிப்புகள் வரும்; அவற்றின் வழியே கிருமி நுழையும்; குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து இன்னும் வீங்கும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் கொஞ்சம் கூடுதலாகப் பருக்கும். நரஹரியும் அவரோடு வேலை செய்த ஆயுர்வேத மருத்துவர்களும் யோகப் பயிற்சியாளர்களும், ஆக்ஸ்போர்டின் டெரன்ஸ் ரயானும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். முதலில் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். பிறகு மூலிகை ஊறிய நீரில் காலை வைக்க வேண்டும். மூச்சோடு இணைந்த யோகப் பயிற்சிகள். நிணநீர் மேல்நோக்கி வடியும்படி கையால் நீவுதல். மறுபடி யோகம். கடைசியில் விரல் நுனியிலிருந்து மேலே அழுத்தக் கட்டு. வெடிப்புக்கும் பூஞ்சைக்கும் கிருமித்தொற்றுக்கும் நவீன மருந்துதான். சில வாரம் கூடவே இருந்து கற்றுக்கொண்டு, நோயாளி வீட்டிலேயே தினமும் தொடர வேண்டும்.

இந்த முறை ஏன் நிலைக்கிறது? ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது, அந்த வேலை நடந்ததா என்று அளக்க முடிகிறது. காலின் சுற்றளவை டேப் வைத்து அளக்கிறார்கள், காய்ச்சல் எத்தனை முறை வந்தது என்று எண்ணுகிறார்கள். ஆயுர்வேதக்காரர் கிருமித்தொற்றை மூலிகையால் தீர்ப்பதாகச் சவால் விடுவதில்லை. தோல் மருத்துவர் நீவுவதைப் பாமரத்தனம் என்று ஒதுக்குவதில்லை. இன்னொன்றும் உண்டு. இங்கே மரபு மருத்துவத்தின் பெரும்பகுதி உடலுக்கு வெளியே நடக்கிறது. மாத்திரையோடு கல்லீரலில் மோதிக்கொள்வதில்லை.

உடலுக்கு உள்ளே, வெளியே என்ற இதே கோடு புற்றுநோயிலும் தெரிகிறது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் பதற்றத்துக்குத் தியானம், யோகம், இசை; கீமோதெரபியின் குமட்டலுக்கு அக்குபஞ்சரும் அக்குபிரஷரும் என்று ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கம் பரிந்துரைத்தது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2018இல் அதை ஏற்றுக்கொண்டது. வாய்வழி உட்கொள்ளும் எந்தத் துணைப்பொருளுக்கும் வலுவான சான்று இல்லை என்றும் அந்த வழிகாட்டி சொல்லிவிட்டது.

அதே 2018இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் கசப்பானது. நவீன சிகிச்சையோடு மாற்று மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்ட 258 புற்றுநோயாளிகளை, சேர்க்காத 1032 பேரோடு ஒப்பிட்டார்கள். சேர்த்துக்கொண்டவர்கள் இறக்கும் அபாயம் சுமார் இரண்டு மடங்காக இருந்தது. மூலிகையா கொன்றது? இல்லை. சேர்த்துக்கொண்டவர்களில் 34 சதவீதம் பேர் கீமோதெரபியை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் 3 சதவீதம். கதிர்வீச்சை மறுத்தவர்கள் 53 சதவீதம். மற்றவர்களில் 2 சதவீதம். இந்த மறுப்பைக் கணக்கில் எடுத்துக் கழித்ததும் இரண்டு குழுவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லாமல் போனது. ‘அதோடு இதுவும்’ என்று தொடங்கியது பலருக்கு ‘அதற்குப் பதில் இது’ என்று முடிந்திருக்கிறது. பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வு என்பதால் இதற்கும் வரம்பு உண்டு. ஆனாலும் ஊடாட்டத்தைவிடப் பெரிய ஆபத்து எது என்பதை அது காட்டிவிட்டது. கட்டி கையளவு ஆன பிறகு புற்றுநோய் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நம்மிடையே குறைவா என்ன?

மாற்று இல்லாத காலத்தை இன்றைய கண்ணால் பார்த்துத் தீர்ப்பெழுதுவதும் நியாயமல்ல. தாம்பரம் சானடோரியம் 1928இல் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகள் வேறு எங்கும் படுக்கை கிடைக்காமல் அங்கே வந்து குவிந்தார்கள். எச்.ஐ.வி. வைரஸை அடக்கும் மருந்துகள் அப்போது பணக்காரருக்கே எட்டாத விலை. அங்கே கண்காணிப்பாளராக இருந்த செ.நெ. தெய்வநாயகம் அலோபதி படித்த நெஞ்சக மருத்துவர். அவர்தான் ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்ற மூன்று சித்த மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘ரான்’ சிகிச்சை என்று பெயர். கையில் வேறெதுவும் இல்லாத நேரத்தில் ஒரு மருத்துவர் செய்யக்கூடியது அதுதான் என்றே நினைக்கிறேன். 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அன்றோடு கேள்வி மாறிவிட்டது. ரசகந்தி மெழுகில் பாதரசமும் கந்தகமும் உண்டு. அன்றைய கூட்டு மருந்தில் இருந்த நெவிராபினை உடைப்பதில் மேலே சொன்ன அதே 3ஏ4 நொதிக்கும் பங்கு உண்டு; நெவிராபின் கல்லீரலுக்கும் கடுமையான மருந்து. முதலில் ‘ஒன்றுமில்லாததைவிட இது மேலா?’ என்று கேட்டால் போதும். பிறகு ‘இரண்டும் சேர்ந்தால் என்ன?’ என்று கேட்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அதே சானடோரியம் வளாகத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு விடை தேட இந்தியாவில் அதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது.

நிலவேம்புக் குடிநீர் விவகாரமும் இப்படிப்பட்டதே. 2012 டெங்குக் காய்ச்சலின்போது தமிழக அரசு அதைத் தெருத்தெருவாகக் கொடுத்தது. 2017இல் ஆய்வு முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தம் நற்பணி இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டதும் பெரிய சண்டை மூண்டது. சண்டையில் தொலைந்துபோனது ஓர் எளிய கணக்கு. டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்விலும் நீராகாரத்திலும் பாராசிட்டமாலிலுமே தேறிவிடுகிறார்கள். சலைன் ஏற்றி, மாத்திரை கொடுத்து, நிலவேம்பும் கொடுத்தால் தேறியது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல், எண்ணிப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு மழைக்காலமும் அப்படி ஒரு வாய்ப்பு.

மருந்துச்சரக்கு பற்றியும் ஒரு வார்த்தை. பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைக்கும் மருத்துவகம் ஒன்று, மேற்கத்திய மாத்திரைச் சரக்கையும் சீன மூலிகைப் பொடியையும் சேர்த்துக் கொடுத்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இன வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பிறகு சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. 1993இல் இது வெளியே தெரிந்தது. அந்த அரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்தவைதான் நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும். 2021இல் மும்பை மருத்துவர்கள், கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. தோற்றத்தில் ஒத்த வேறு கொடியாக இருக்கலாம் என்றது. இருக்கலாம். அப்படியானால் கடையில் விற்பது எந்தக் கொடி என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? லட்சக்கணக்கானோர் குடித்த கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று.

இரண்டு மருத்துவத்தையும் ஒரே தலைக்குள் வைத்துவிடலாம் என்ற முயற்சியும் இங்கே நடந்து முடிந்ததுதான். சென்னை மாகாண அரசு அமைத்த முகமது உஸ்மான் குழு 1923இல் அறிக்கை தந்தது. அதன் செயலர் சீனிவாசமூர்த்தி மேற்கத்திய மருத்துவம் படித்தவர். பிறகு தொடங்கப்பட்ட இந்திய மருத்துவப் பள்ளிக்கும் அவரே முதல்வர் ஆனார். கீழ்ப்பாக்கத்தில் அது வளர்ந்து, சுதந்திரத்துக்குப் பின் ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரி ஆயிற்று. சித்தம், ஆயுர்வேதம், உடற்கூறியல், அறுவை எல்லாம் ஒரே பாடத்திட்டத்தில். 1960இல் அது முழுமையான நவீன மருத்துவக் கல்லூரியாக மாறியது. இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி அதுதான். 1964இல் சித்தத்துக்குத் தனிக் கல்லூரி பாளையங்கோட்டையில் வந்தது. ஒருங்கிணைத்ததை நாற்பதே ஆண்டில் பிரித்துவைத்தோம். ஒரே ஆளை இரண்டிலும் அரைகுறையாக்குவதைவிட, இரண்டு நிபுணர்கள் ஒருவரோடொருவர் பேசுவது மேல் என்பதே அந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. குறுகிய காலப் பயிற்சி கொடுத்து ஆயுஷ் மருத்துவர்களை அலோபதி எழுதவைக்கலாம் என்று அவ்வப்போது கிளம்பும் யோசனையை அதனால்தான் என்னால் ஆதரிக்க முடியவில்லை.

பேசுவதற்கான கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. 2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் தொடங்கியதிலிருந்து பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்தப் பிரிவும் அதே வளாகத்தில் செயல்படுகிறது. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கத்துச் சீட்டில் எழுதியது அந்தப் பக்கம் போவதில்லை. ஒரே ஓ.பி. சீட்டு, அதில் இரண்டு மருத்துவரும் எழுத வேண்டும் என்று ஓர் அரசாணை போட்டால் போதும். புதிய கட்டடமோ புதிய பதவியோ தேவையில்லை.

பக்கவிளைவைப் பதியவும் இரண்டு தனி ஏற்பாடுகள். நவீன மருந்துகளுக்கு 2010இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாத்தில் இயங்குகிறது. ஆயுஷ் மருந்துகளுக்கு 2018இல் வந்த திட்டத்துக்கு டெல்லியில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் தலைமையகம். இரண்டும் சேர்ந்து விளைந்த கேடு எந்தக் கணக்கில் சேரும்? காசியாபாத் படிவத்திலாவது, உடன் எடுத்துக்கொண்ட மூலிகை மருந்துகளையும் சுயமருந்துகளையும் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. நோயாளி வாய் திறந்தால்தான் அது நிரம்பும்.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அவர் எந்த மருத்துவராக இருந்தாலும் சரி, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை, சூரண டப்பா, லேகியப் புட்டி, கஷாயப் பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசைமேல் வையுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பும், வலிப்பு, காசநோய், எச்.ஐ.வி., மாற்று உறுப்பு, ரத்த உறைவு ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடும்போதும் இதைத் தவறவே விடாதீர்கள். சேர்த்துச் சாப்பிட்டதில் ஏதாவது கோளாறு வந்தால் டாக்டர் மட்டுமல்ல, நீங்களும் தெரிவிக்கலாம். காசியாபாத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024.